பஞ்ச் வைத்தால் கதவு திறக்கிறது, சரி. திறந்தது யார்?

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கும் யாரிடமாவது "உங்க கதவுக்கு என்னங்க காவல்?" என்று கேட்டுப் பாருங்கள். "பஞ்சிங் மெஷின் போட்டாச்சே" என்று பதில் வரும். போய்ப் பார்த்தால் வாசல் தூணில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், விரலை வைத்தால் ஒரு பெண் குரல் "தேங்க் யூ" சொல்லும். அந்தப் பெட்டிக்கும் பக்கத்தில் இருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஒயர் கூட ஓடாது. கதவோ காலை ஷிஃப்டுக்குத் திறந்து, ஹாலோ பிளாக் கல் ஒன்று முட்டுக் கொடுக்க, ராத்திரி வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அந்தப் பெட்டி எழுதுவது வருகைப் பதிவேடு. யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எத்தனை மணி நேரம் ஓ.டி. என்று சம்பளக் கணக்குக்காக எழுதுகிறது. கதவைக் காப்பது வேறு வேலை. சில மெஷின்கள் இரண்டையும் செய்யும், அதனால்தான் குழப்பமே. ஓசூரிலிருந்து தொப்பூர் வரை இந்தக் கதவுகளுக்கு ஒயர் இழுப்பதும், நின்றுபோனதைப் போய்ப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. வாரத்துக்கு நாலு பேரிடமாவது இதே விளக்கத்தைச் சொல்கிறேன், ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் என் தொண்டை பிழைக்கும்.

கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம்

மெஷினை மறந்துவிட்டு ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் யாரும் யாரையும் தடுப்பதில்லை, சந்தனம் பன்னீர் தெளித்து உள்ளே விடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி நடக்கும்போது கொஞ்சம் கெடுபிடி. பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் எல்லோரும் போய்விட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஸ்டோர் ரூம் இருக்கும், பழைய ஆட்கள் உக்கிராணம் என்பார்கள். முந்திரி, நெய், வாழையிலைக் கட்டு, சீர் சாமான் எல்லாம் அங்கேதான். சாவி வீட்டுக்கு நெருங்கிய ஒரு மாமாவின் இடுப்பில் இருக்கும், அவர் சாப்பிடக்கூடப் போக மாட்டார்.

ஒரு பையன் ஓடி வந்து "சமையல்காரர் ரெண்டு கிலோ முந்திரி வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்கிறான். மாமா என்ன செய்கிறார்? முதலில் முகத்தைப் பார்க்கிறார், இவன் சமையல் செட்டில் வந்தவன்தானா. அடுத்து, இவனுக்குக் கொடுக்கலாமா, அதுவும் இந்த நேரத்தில் முந்திரி எதற்கு என்று யோசிக்கிறார். சரி என்று பட்டால் பூட்டைத் திறக்கிறார். கடைசியில் நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

நுழைவுக் கட்டுப்பாடு என்ற பெரிய பெயரில் விற்கப்படுவது இவ்வளவுதான்: ஆள் யார் என்று பார்ப்பது, அவருக்கு இந்தக் கதவில் இந்த நேரத்தில் அனுமதி உண்டா என்று முடிவெடுப்பது, திறப்பது, எழுதி வைப்பது. இதில் முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்று என்று நினைத்துவிடுவதுதான் பெரும்பாலான குளறுபடிக்குக் காரணம். மாப்பிள்ளையின் நண்பனை மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், மேடையில் அவன்தான் அதிகம் ஆடுகிறான், அதற்காக மாமா அவனிடம் உக்கிராணச் சாவியைக் கொடுப்பாரா? ஆள் தெரிவது வேறு, அனுமதி இருப்பது வேறு.

இன்னொன்றும் கவனியுங்கள். மண்டபத்து வாசலில் மாமா நிற்கவில்லை. எல்லாக் கதவிலும் ஒரே கெடுபிடி இருந்தால் கல்யாணம் நடக்காது. கம்பெனியிலும் அப்படித்தான். ரிசப்ஷன், ஷாப் ஃப்ளோர், ஸ்டோர்ஸ், சர்வர் ரூம் என்று உள்ளே போகப் போகத்தான் கதவு கனக்க வேண்டும். டாய்லெட் போகும் வழிக்கெல்லாம் கார்டு வைத்த ஒரு கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன், ஒரே மாதத்தில் அந்தக் கதவைத் தானாக மூட வைக்கும் க்ளோசரைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

சுவருக்கு இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள்

மாமா ஒருவரே செய்த வேலையைக் கதவில் நாலைந்து பொருட்கள் பிரித்துச் செய்கின்றன.

வெளியே சுவரில் தெரிவது ரீடர். கார்டையோ விரலையோ படிப்பது மட்டும்தான் அதன் வேலை, மாமாவின் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்த எண்ணை மெல்லிய ஒயர் வழியாக உள்ளே அனுப்பிவிடும். எண்ணை வாங்கி முடிவெடுப்பது கன்ட்ரோலர், அதாவது மாமாவின் மூளை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ சர்வர் ரூமிலோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். எந்த எண்ணுக்கு எந்தக் கதவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்ற பட்டியல் அதன் நினைவிலேயே இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் கதவு திறக்காது என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படியில்லை. கம்ப்யூட்டர் பட்டியலை மாற்றுவதற்கும் பதிவைப் படிப்பதற்கும்தான்.

பட்டியலில் எண் இருந்தால் கன்ட்ரோலருக்குள் ஒரு சின்ன மின் சுவிட்ச் 'டக்' என்று விழும், இதை ரிலே என்பார்கள். அது சில விநாடிகளுக்குப் பூட்டை விடுவிக்கும். அவ்வளவுதான் திறப்பு. நீங்கள் கார்டைக் காட்டியதும் கேட்கிற 'பீப்' ரீடரின் சத்தம், "படித்துவிட்டேன்" என்று மட்டும் அதற்கு அர்த்தம். கதவைத் திறந்தது உங்கள் கார்டும் இல்லை, ரீடரும் இல்லை, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அந்தப் பட்டியல்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது படித்தால் போதும். விலை குறைந்த மெஷின்களில் கண்ணும் மூளையும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும், ரிலே உட்பட. அந்த டப்பாவை எங்கே மாட்டுகிறார்கள்? கதவுக்கு வெளியே, தெருவைப் பார்த்து. அதாவது உக்கிராண மாமாவை நடுத்தெருவில் உட்கார வைத்துச் சாவியையும் அவர் மடியில் போட்ட மாதிரி. போன மழைக்காலத்தில் ஒரு யூனிட்டில் டப்பாவுக்குள் தண்ணீர் போய்விட்டதென்று கூப்பிட்டார்கள். அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ, கழற்றினேன், டப்பா கையோடு வந்துவிட்டது. பின்னால் பூட்டுக்குப் போகும் ஒயர் அப்படியே தொங்குகிறது. எதை எதோடு சேர்த்தால் கதவு திறக்கும் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் வயரிங் தெரிந்த எந்தப் பையனுக்கும் ஒரு நிமிடம் போதும். கண் வெளியே இருக்கலாம், மூளை உள்ளேதான் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு லேப்டாப்பின் விலையில் கால்வாசி கூட வராது.

மிச்சம் இரண்டு சின்ன சாமான்கள். உள்பக்கம் இருக்கும் எக்ஸிட் பட்டன் உங்களுக்கே தெரியும். கதவுச் சட்டத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தால் அது டோர் சென்சார், கதவு நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது. பலர் காசு மிச்சம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் கன்ட்ரோலருக்குத் தெரிவதெல்லாம் "8:02-க்குப் பூட்டைத் தளர்த்தினேன்" என்பது மட்டும்தான். அதற்கப்புறம் யாராவது ஹாலோ பிளாக்கை வைத்துப் பகல் முழுக்கத் திறந்து போட்டிருந்தாலும் அதன் கணக்கில் கதவு சமத்தாக மூடியிருக்கிறது. சென்சார் இருந்தால் அரை நிமிடத்தில் கத்த வைக்கலாம்.

ஆக, இதுவரை பார்த்தது: ரீடர் படிக்கிறது, கன்ட்ரோலர் முடிவெடுக்கிறது, பூட்டு கீழ்ப்படிகிறது, சென்சார் நடந்ததைச் சொல்கிறது. இதில் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்வதாக நினைத்துக்கொண்டால்தான் ஏமாறுகிறோம்.

கார்டில் அச்சடித்திருக்கும் எண்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்றிருப்பீர்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே அந்த ஸ்டிக்கர் கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சி, விழித்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. உங்கள் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டும் அதே குடும்பம்தான், ஆர்.எஃப்.ஐ.டி. என்பார்கள், ரேடியோ அலையால் அடையாளம் சொல்வது. ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பல மீட்டர் தள்ளிப் பேசும். கதவுக் கார்டுகள் 125 கிலோஹெர்ட்ஸ் அல்லது 13.56 மெகாஹெர்ட்ஸில், சில சென்டிமீட்டர் நெருங்கினால்தான் பேசும். மெல்லிய வெள்ளைக் கார்டு ஒன்றை செல்போன் டார்ச் மேல் வைத்துப் பாருங்கள், தலைமுடி போன்ற கம்பி வட்டமாகச் சுற்றியிருப்பது நிழலாகத் தெரியும். அதுதான் அலையை உறிஞ்சும் சுருள்.

நம் பக்கம் அதிகம் விற்பது விலை குறைந்த 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. அதன் மேல் ஒரு எண் அச்சாகியிருக்கும், உதாரணமாக 0007834448, பக்கத்திலேயே 119,35664. ஏதோ தயாரிப்பு எண் என்று விட்டுவிடுவோம். 119-ஐ 65,536-ஆல் பெருக்கி 35,664-ஐக் கூட்டிப் பாருங்கள், 78,34,448 வரும், அதாவது முதலில் இருந்த அதே எண். ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். சின்னக் கதவுகளில் ரீடர் கன்ட்ரோலருக்குச் சொல்வது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். ரகசியம் என்று உள்ளே வேறெதுவும் இல்லை, கார்டின் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சந்தோஷத்தில் ஐடி கார்டைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இந்த வகைக் கார்டு யார் கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும், கேட்பவர் கம்பெனி ரீடரா, டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பைக்குள் வைத்திருக்கும் ரீடரா என்று அதற்குத் தெரியாது. நகல் எடுப்பது சுலபம். நல்ல கார்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கணக்கைக் கேட்கும், கார்டு தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்து விடையை மட்டும் சொல்லும், ரகசியம் வெளியே வராது. நேற்றைய விடையைத் திருடி வைத்திருந்தாலும் இன்றைய கேள்விக்கு அது உதவாது.

"எங்களுது 13.56 சார், ஸ்மார்ட் கார்டு" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அலைவரிசையை வைத்து மட்டும் நம்பிவிடக் கூடாது. மைஃபேர் கிளாசிக் என்று உலகம் முழுக்கப் பரவிய 13.56 கார்டின் ரகசியக் கணக்கை 2008-லேயே நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகக்காரர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதைவிட வேடிக்கை, நல்ல கார்டையே வாங்கிவிட்டு, அதன் சீரியல் எண்ணை மட்டும் படிக்கிற ரீடரை மாட்டியிருப்பார்கள். குதிரையை வாங்கி வண்டியில் ஏற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த ரீடர் கார்டின் சீரியல் நம்பரைப் படிக்குதா, இல்ல உள்ள இருக்கிற சாவியைச் சரிபார்க்குதா?" விற்பவர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.

விரல் பேச மறுக்கும்போது

விரல்ரேகை மெஷினைப் பற்றி இரண்டு எதிரெதிரான தப்பெண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, அது ஏமாறவே ஏமாறாது என்பது. இன்னொன்று, நம் ரேகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறது என்பது.

பொதுவாக அது சேமிப்பது போட்டோ இல்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளின் குறிப்பை மட்டும் எண்களாக வைத்துக்கொள்ளும். அடுத்த முறை விரல் வைக்கும்போது புதுக் குறிப்பைப் பழையதோடு ஒப்பிடும். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தவே பொருந்தாது, விரல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், வியர்த்திருக்கும். அதனால் "இவ்வளவு பொருந்தினால் போதும்" என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அளவுகோலை ஏற்றினால் உண்மையான ஆளையே வெளியே நிறுத்தும், இறக்கினால் வேறு ஆளை உள்ளே விடும். இரண்டையும் ஒருசேரப் பூஜ்ஜியமாக்க முடியாது.

நம் பகுதிக்கு இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடுபவருக்கு ரேகையே தேய்ந்திருக்கும். மாம்பழ சீசனில் கூழ் ஆலையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் பெண்களுக்கு விரல் நுனி ஊறிச் சுருங்கிப் போகும். தளி பக்கம் ரோஜா வெட்டுபவர்களுக்கு விரலெல்லாம் முள் கீறல். காலையில் பஸ் வந்து நின்றதும் நாற்பது பேர் வரிசை, மெஷின் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது, ஒரு அம்மா விரலைப் புடவையில் துடைக்கிறார், தலைமுடியில் தேய்க்கிறார், திரும்ப வைக்கிறார், பின்னால் சூப்பர்வைசர் கத்துகிறார். இரண்டு நாள் இது நடந்ததும் யாரோ அட்மின் மெனுவுக்குள் போய் அளவுகோலை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொது பாஸ்வேர்டு, அதுவும் 1234. அதற்கப்புறம் அந்த மெஷின் சுவரில் இருப்பதும் காலண்டர் இருப்பதும் ஒன்றுதான். கையால் வேலை செய்பவர்கள் அதிகம் இருக்கும் இடத்துக்கு விரல்ரேகை பொருந்தாது என்பது என் கட்சி. நல்ல கார்டு கொடுங்கள், முக்கியமான அறைக்குக் கார்டும் பின் நம்பரும் சேர்த்துக் கேளுங்கள்.

கார்டு தொலைந்தால் வேறு கார்டு கொடுக்கலாம், விரலை மாற்ற முடியாது என்பதையும் முதலாளிமார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் குறிப்பை மெஷினிலேயே விட்டு வைப்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

280 கிலோ காந்தமும் ஒரு துண்டு டேப்பும்

இனி பூட்டு. கண்ணாடிக் கதவின் மேல் சட்டத்தில் நீளமாக ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், கதவில் அதற்கு நேராக ஒரு இரும்புத் தகடு. கட்டைக்குள் மின்காந்தம். மின்சாரம் ஓடும்வரை தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், நின்றால் விட்டுவிடும். சின்ன அளவுக் காந்தப் பூட்டின் அட்டையில் 280 கிலோ என்று போட்டிருப்பார்கள், அவ்வளவு இழுவையைத் தாங்குமாம். இதற்குத் தேவைப்படுவது 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவு, அதாவது ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரிகிற மின்சாரம். முதன்முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை.

அந்த 280 கிலோ தகடும் காந்தமும் முழுதாக ஒட்டியிருந்தால்தான். நடுவில் இடைவெளி விழுந்தால் பிடி மளமளவென்று சரியும். அதனால்தான் தகட்டை ரப்பர் வாஷர் போட்டுக் கொஞ்சம் ஆடும்படி விடுகிறோம், அது தானாகச் சாய்ந்து காந்தத்தில் படிந்து உட்காரும். இது தெரியாத ஆசாரி "ஆடுதே" என்று நல்ல மனதோடு இறுக்கி முறுக்கிவிடுவார், பூட்டின் பலம் போயே போய்விடும்.

பர்கூர் பக்கம் ஒரு யூனிட்டில், தோளால் இடித்தாலே ஸ்டோர்ஸ் கதவு திறக்கிறது என்று கூப்பிட்டார்கள். வோல்ட் சரியாக இருந்தது, ஒயர் சரி, காந்தம் சரி. ஏணி போட்டு ஏறித் தகட்டைத் துணியால் துடைத்தபோது விரலில் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. தகட்டின் நிறத்திலேயே தூசி படிந்து, மடித்து ஒட்டிய செல்லோ டேப், ஒரு விசிட்டிங் கார்டு கனம் இருக்கும். எக்ஸிட் பட்டனை அழுத்தாமல், பதிவில் வராமல், டீ குடிக்கப் போய்வர யாரோ செய்த ஏற்பாடு. உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு "தகட்டுல அழுக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டீக்கு வழி விடாத கம்பெனியில் டேப் ஒட்டத்தான் செய்வார்கள்.

கரண்ட் போனால் கதவு யார் பக்கம்?

இங்கே நம் மொழியே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. திருடனிடமிருந்து பொருளைக் காப்பதும் பாதுகாப்பு, தீயிலிருந்து ஆளைக் காப்பதும் பாதுகாப்பு. கேட்டில் நிற்பவரும் பாதுகாவலர், ஷாப் ஃப்ளோரில் "பாதுகாப்பே முதன்மை" என்று பலகை. கதவைப் பொறுத்தவரை இவை இரண்டும் வேறு, சில சமயம் நேர் எதிர். அதனால் முதலாவதைக் காவல் என்றும் இரண்டாவதை உயிர்க்காப்பு என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

மின்சாரம் போனதும் தானாகத் திறந்துகொள்ளும் பூட்டுக்கு ஃபெயில் சேஃப் என்று பெயர், அது உயிர்க்காப்புப் பக்கம் சாய்கிறது. காந்தப் பூட்டு எப்போதும் இந்த வகைதான், வேறு மாதிரி இருக்கவே முடியாது. மின்சாரம் போனாலும் பூட்டியே இருப்பது ஃபெயில் செக்யூர், அது காவல் பக்கம். இரண்டாவது வகையை வைக்கக் கூடாது என்றில்லை, ஆனால் உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகினால் மின்சாரமே இல்லாமல் கதவு திறக்க வேண்டும். வெளிப்பக்கம் பூட்டு, உள்பக்கம் வெறும் கைப்பிடி. சர்வர் ரூமுக்கு இது பொருத்தம்.

சரி, கரண்ட் போனால் காந்தப் பூட்டுக் கதவு அப்படியே திறந்து கிடக்குமா? அதற்காகத்தான் பேட்டரி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால், கணக்குப்படி ஒரு கதவைப் பத்து மணி நேரமாவது தாங்க வேண்டும். பழசானால் அந்தக் கணக்கு செல்லாது. இரும்புப் பெட்டிக்குள் இருப்பதால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

உயிர்க்காப்பில் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு. எக்ஸிட் பட்டன் பெரும்பாலும் கன்ட்ரோலரிடம் "திற" என்று கேட்கிறது. கன்ட்ரோலர் மக்கர் செய்தால் பட்டனும் செத்தது. அதனால் பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டி வேண்டும், அழுத்தினால் யாரையும் கேட்காமல் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டிவிடுவது. சிவப்புப் பெட்டி தீ அலாரத்துக்கு, பச்சை கதவுக்கு, இரண்டும் வேறு. தீ அலாரம் அடித்தாலும் அதே போல மின்சாரம் நேரடியாக வெட்டுப்பட வேண்டும்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் தையல் வேலைக்கு வந்த இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போகிறார்களா என்று பையைச் சோதித்து ஒரே வழியாக அனுப்புவதற்காகப் பூட்டிய பூட்டு. நம் நாட்டில் 1948-ல் தொழிற்சாலைகள் சட்டம் எழுதியபோதே, உள்ளே ஆள் இருக்கும்வரை வெளியேறும் கதவை உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்று 38-வது பிரிவில் போட்டார்கள். இன்றைக்கும் கார்மென்ட் யூனிட்டில் பின்பக்கக் கதவுக்குச் சங்கிலி போட்டிருப்பதைப் பார்க்கிறேன். கேட்டால் அதே பதில்: "மெட்டீரியல் போயிடுது சார்." கதவைப் பூட்டாமல் அலாரம் வையுங்கள் என்கிறேன். திறந்தால் ஊரே கேட்கிற மாதிரி கத்தட்டும், திறக்கட்டும்.

சுருக்கமாக: வெளியே இருந்து வருபவர் அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும், உள்ளே இருந்து போகிறவரை எந்த மெஷினும் நிறுத்தி வைக்கக் கூடாது.

பட்டியலில் இருக்கும் பேய்கள்

மெஷினெல்லாம் சரியாக இருந்தும் கதவு தோற்பது இரண்டு இடத்தில். ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் கார்டு காட்டிக் கதவைத் திறந்து, பின்னால் டிபன் பாக்ஸோடு வருபவருக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் அடுத்தவருக்குப் பிடிப்பார். ஒரு கார்டு, ஏழு பேர். டெயில்கேட்டிங் என்பது இதுதான். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவது நம் ஊர் வழக்கமில்லையே, இதைத் தப்பென்று சொல்லித் தடுக்க முடியாது. கூட்டம் வரும் வாசலில் ஒருவர் ஒருவராக விடும் சுழல் கம்பியும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும்.

இன்னொன்று அந்தப் பட்டியல். ஆளைச் சேர்க்கும்போது ஹெச்.ஆர். அன்றைக்கே போன் பண்ணுவார், "கார்டு ஆக்டிவேட் பண்ணுங்க." ஆள் வேலையை விட்டு நின்றுபோனதைச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வராது, கான்ட்ராக்ட் ஆட்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு இடத்தில் மெஷின் மாற்றும்போது பழைய பட்டியலை எடுத்தோம். வேலையில் இருந்தவர்கள் எண்பது சொச்சம், பட்டியலில் முந்நூற்றுக்கு மேல். அதில் நான்கு எண்களுக்குப் பெயரே இல்லை, "டெஸ்ட் 1, டெஸ்ட் 2" என்று இருந்தது. டெஸ்ட் 1 நான் போட்டது, மெஷினை மாட்டிய அன்று. என் பர்ஸிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக் காட்டினேன். சர்வர் ரூம் உட்பட எல்லாக் கதவும் திறந்தது.

உங்கள் கதவை நீங்களே பார்க்க

ஞாயிற்றுக்கிழமை, ஷிஃப்ட் இல்லாத நேரம் போதும். முதலில் உள்ளே நின்றுகொண்டு பச்சைப் பெட்டியை அழுத்துங்கள், பூட்டு விட வேண்டும். அப்புறம் கதவைப் பிடித்துத் திறந்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள், எங்காவது ஏதாவது கத்துகிறதா என்று. கடைசியாகப் பூட்டுக்குக் கரண்ட் வரும் லைனின் பிரேக்கரைக் கீழே தள்ளிவிட்டு, ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கதவைப் பாருங்கள்.

சூளகிரி பக்கம் ஒரு முதலாளியோடு இப்படி உட்கார்ந்தேன். நல்ல கார்டு, கன்ட்ரோலர் உள்ளே, எல்லாம் முறையாகப் போட்ட இடம். டீ பாதி கூடக் குடிக்கவில்லை, பதினோராவது நிமிடம் மேலே 'கிளிக்' என்று ஒரு சத்தம், கண்ணாடிக் கதவு மெல்ல ஒரு விரல்கடை விலகி நின்றது. அவர் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா ராத்திரி கரண்ட் போனப்பல்லாம்..." என்று இழுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டியிலிருந்து புது பேட்டரியை எடுத்துவரப் போனேன்.